மரைக்கும் இரண்டு காது தெரிய வேண்டும்

1997ஆம் ஆண்டு கொட்டாஞ்சேனையில் ஒரு கதை உலாவியது. ஜம்பட்டா வீதியில் ஸ்ருடியோ வைத்திருக்கும் கிளெமென்ற் மலைநாட்டுக்குப் போய், பெரிய காட்டு மானான மரை ஒன்றுக்கு அடையாள அட்டைப் படம் எடுத்துவிட்டு வந்திருக்கிறாராம். மனிதர் எல்லாருக்கும் எடுத்து முடித்து, இனி ஆளில்லாமல் காட்டுக்கு ஏறிவிட்டார் என்று மீன் சந்தைப் பக்கம் சொன்னார்கள். கதை பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனபோது மரையைப் பொலிஸில் பதிந்திருந்தார்கள். களனி ஆற்றைத் தாண்டி வத்தளையில் இறங்கியபோது மரை உள்ளே இருந்தது, கிளெமென்ற் பிணைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் வதந்தியை விசாரித்துப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. குண்டுக் கதைகளுக்கு ஓடித் திரும்பவே பொழுது சரியாக இருந்தது. ஆனாலும் பிணையில் வரப்போகும் மரையை விசாரிக்காமல் விட மனம் கேட்கவில்லை. மரையைக் கேட்க வழியில்லை. கிளெமென்றையும், அவர் மனைவி கொன்ஸ்ரன்ஸையும், கூடப் போன இருவரையும் தனித்தனியே கேட்டதில் வெளிவந்தது பின்வருமாறு.

கிளெமென்றுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாக முகம் எடுப்பவர். யுத்தம் பலபேரின் தொழிலைத் தின்றது, கிளெமென்றின் தொழிலுக்கு மட்டும் தீனி போட்டது. அடையாள அட்டைக்கு ஒரு படம், பொலிஸ் பதிவுக்கு இரண்டு, கனடாவுக்கு நாலு, கனடா மாட்டேன் என்றால் சுவிசுக்கு இன்னொரு நாலு. வடக்கிலிருந்து வந்து லொட்ஜில் இறங்குகிறவர்கள் குளித்த கையோடு முதலில் வருவது அவரிடம்தான். வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் இருத்தி, எல்லாருக்கும் ஒரே மந்திரத்தைச் சொல்வார்: "நிமிருங்கோ. தாடையைக் கொஞ்சம் இறக்குங்கோ. ரெண்டு காதும் தெரியவேணும். சிரிக்க வேண்டாம்." சிரிக்கும் உத்தேசத்தோடு வந்தவர் எவரும் அந்த இருபத்திரண்டு வருடத்தில் இல்லை என்றாலும் கடைசி வாக்கியத்தை அவர் விட்டதில்லை.

இதில் வந்த வினை என்னவென்றால், ஊர் முழுவதும் அவரைக் கண்டாலே நிமிரத் தொடங்கிவிட்டது. வீதியில் எதிரே வரும் பெண்கள் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார்கள். பாணுக்கடை முதலாளி தாடையை இறக்கிக்கொண்டு மிச்சக் காசு கொடுத்தார். தேவாலயப் பூசையில் அவர் திரும்பிப் பார்த்தால் பின் வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் சிரிப்பை நிறுத்தினார்கள். வீட்டிலே தேத்தண்ணீர் கொண்டுவரும் கொன்ஸ்ரன்ஸும் அவருக்கு நேரே வரும்போது ஒரு கணம் அசையாமல் நிற்பாள்.

"என்னத்துக்கப்பா நிக்கிறாய்?"

"எனக்கென்ன தெரியும். நீங்கள் பார்க்கிற பார்வைக்குக் கால் தானாய் நிக்குது."

ஆக, ஒரு முகம் தன்பாட்டில் இருக்கும்போது எப்படி இருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. அதுதான் அவருடைய துக்கம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவர் சொன்னதில்லை.

கொழும்பில் அப்போது படக்காரர் சங்கம் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். கறுவாத்தோட்டத்துப் பக்கம் மாதம் ஒருமுறை கூடி ஒருவர் எடுத்த சூரிய அஸ்தமனத்தை மற்றவர் குறை சொல்வார்கள். கிளெமென்ற் அங்கத்தவராகச் சேர விண்ணப்பித்தார். செயலாளர் ஒஸ்வால்ட், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்து ஆளை அளப்பவர், விண்ணப்பத்தைப் படித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழாக்கினால் இப்படி வரும்: "நீங்கள் எடுப்பது படமில்லை மிஸ்டர் கிளெமென்ற், அத்தாட்சி. இந்த வருடக் கண்காட்சியில் காட்டு மிருகங்களுக்கு ஒரு பிரிவு இருக்கிறது. பாலூட்டி மட்டும். தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரியாத ஒரு மிருகத்தை எடுத்து வாருங்கள். பிறகு கதைப்போம்."

வேறு யாருக்காவது இது அவமானமாகப் பட்டிருக்கும். கிளெமென்றுக்குத் தன் வியாதிக்கு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்ததுபோல இருந்தது. எடுத்தால் உள்ளே, இல்லாவிட்டால் சாகும்வரை பாஸ்போர்ட் சைஸ்.

மலைநாட்டில் ஓட்டன் சமவெளிக்கு ஏறி மரை எடுப்பதென்று முடிவுகட்டினார். விஷயத்தை முதலில் கேட்டவர் பாயிஸ். ஸ்ருடியோவுக்குப் பக்கத்துக் கடையில் பூட்டும் பிணைச்சலும் விற்பவர், ஒரு வானுக்குச் சொந்தக்காரர்.

"ஒனக்கு என்னத்துக்கு மச்சான் காடு? தெஹிவளை மிருகசாலைக்குப் போனா கரடி, சிங்கம், ஒட்டகம் எல்லாம் ஈக்கி. பஸ் காசோட முடிஞ்சி."

"அங்க எடுத்தால் கம்பி தெரியுமடா."

"கம்பிக்கு வெள்ளப் பெயின்ற் பூசிப் போடேன். நீ பாஸ்போர்ட்டில மச்சத்தையே அழிக்கிற ஆள்."

இரண்டாவது ஆள் தில்லைநாதன். வெள்ளவத்தையில் வீடு, புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க் வேலை. சத்தியக் கடதாசிகளுக்குப் படம் வாங்க வாரம் மூன்று தரம் ஸ்ருடியோவுக்கு வந்து சிநேகமானவர். உலகத்தில் நடக்கும் எதுவும் மூன்று பிரதிகளில் இல்லாவிட்டால் நடக்கவில்லை என்று நம்புகிறவர்.

"கடதாசி இல்லாமல் நான் வரமாட்டன்," என்றார் தில்லைநாதன். "மூண்டு பேர், ஒரு வான், அதோட உந்தக் குழாய். மறிச்சுக் கேட்டால் என்னெண்டு சொல்லுறது? மரை பார்க்கப் போறம் எண்டோ? விசரன்கூட அப்பிடிச் சொல்லமாட்டான்."

குழாய் என்றது லென்ஸை. பாயிஸின் மச்சினன் ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த அது முழங்கை நீளம் இருந்தது. தோளில் வைத்தால் எந்தச் சோதனைச் சாவடியிலும் முதலில் சுட்டுவிட்டுத்தான் என்னவென்று கேட்பார்கள். அதைப் பாயிஸின் கடைசிப் பிள்ளையின் பூப்போட்ட துவாயில் சுற்றினார்கள்.

தில்லைநாதன் கடிதம் அடித்தார். மூன்று மொழியில், சமாதான நீதவானின் முத்திரையோடு. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், போகும் நோக்கம். எதையும் ஒளிக்கவில்லை என்று காட்ட வேண்டும் என்ற தொழில்புத்தியில், அடியில் ஒரு அட்டவணையும் போட்டார்: "மரை - 2, காட்டுப்பன்றி - 4, நீர்நாய் - 1, மந்தி - போதியளவு." கிளெமென்ற் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இத்தனைதான் வரும் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தொகை போடாத அட்டவணையை ஆர் நம்புவான்?"

பாயிஸின் மனைவி ஸமீமா மாட்டிறைச்சியை மிளகு போட்டு வறளப் பொரித்து நாலு தட்டுக் கரியரில் அடைத்தாள். குளிருக்கு ஒரு கிழமை இருந்தாலும் கெடாது என்றாள். கொன்ஸ்ரன்ஸ் கொச்சிக்கடை அந்தோனியார் சுரூபம் ஒன்றைக் கமராப் பைக்குள் போட்டாள். கிளெமென்ற் ஒரே ஒரு பிலிம் எடுத்துக்கொண்டார், முப்பத்தாறு படம். ஒரு ஆளுக்கு ஒரு சொடுக்கு என்று பழகிய கைக்கு முப்பத்தாறு என்றால் ஊர்வலம் ஒன்றையே அடக்கலாம்.

போகும்போது எல்லாச் சாவடியிலும் கடிதம் மரியாதை வாங்கியது. அட்டவணைவரை பொறுமையாக வாசித்தவர் ஒருவரும் இல்லை. நுவரெலியாவில் இராத் தங்கி, விடிய முன்னமே ஓட்டன் சமவெளிக்கு ஏறினார்கள்.

ஏறியபிறகுதான் தெரிந்தது, மூன்று பேருமே இதற்குமுன் நடந்து காட்டிய ஆகக் கூடிய தூரம் காலிமுகத்திடல் என்று. தில்லைநாதன் குரங்குத் தொப்பி, மப்ளர், குடை, அலுவலக சப்பாத்து. பாயிஸுக்கு இருமல். பனிமூட்டம் வாயைத் திறந்தால் உள்ளே வந்து உட்கார்ந்தது. புல்வெளியில் ஏதோ அசையும், கிளெமென்ற் குழாயை உயர்த்துவார், பாயிஸ் இருமுவார், அசைந்தது போய்விடும்.

"இருமாதேயடா."

"நானா இருமுறன்? அது தானா வாற."

"பன்றி, பன்றி!" என்று தில்லைநாதன் குடையால் சுட்டிக்காட்டிக் கத்தினார். பன்றிகள் நாலும் உண்மையிலேயே இருந்தன. அவை திரும்பி ஓடியபோது தில்லைநாதன், "நாலு! அட்டவணைப்படி நாலு!" என்று துள்ளினார்.

நாலு மணித்தியாலத்தில் முப்பத்துநாலு படம் முடிந்தது. பிற்பாடு கழுவிப் பார்த்தபோது கணக்கு இப்படி இருந்தது: பனிமூட்டம் பதினான்கு, பன்றியின் பின்புறம் ஐந்து, மந்தியின் வால் ஏழு, பாயிஸின் தலை ஆறு, குடை இரண்டு. நீர்நாய் தன் கடமையைச் செய்யவில்லை.

களைத்து இறங்கிப் பட்டிப்பொலப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் ஏறினார்கள். தகரக் கூரை, இரண்டு வாங்கு. கடைக்காரி வெள்ளையம்மா அடுப்பை ஊதிக்கொண்டே விசாரித்தாள்.

"எங்க ஐயா, கொழும்பா? என்னா பாக்க வந்தீங்க?"

"மரை," என்றார் கிளெமென்ற்.

"மரையா?" வெள்ளையம்மா சிரித்த சிரிப்பில் கேத்தல் மூடி ஆடியது. "அதுக்கா மேல போனீங்க? அந்தச் சனியன் தெனமும் நம்ம குசினிக்குப் பின்னாலதான நிக்கும். முட்டைக்கோவா எலையப் போட்டா திங்கும், போடலேன்னா தோட்டத்தையே திங்கும். இந்தா, இப்பவும் நிக்குது, போயிப் பாருங்க."

பாயிஸ் வாயைப் பொத்திக்கொண்டார், இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்ததால். கிளெமென்ற் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பின்கதவால் போனார்.

நின்றது. ஆண் மரை. பனி நனைத்த கழுத்து மயிர், கிளைவிட்ட கொம்பு, பக்கவாட்டாக நின்று தலையைக் குனிந்து கோவா இலையைச் சப்பிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு நிம்மதியான முகத்தைக் கிளெமென்ற் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதற்கு அடையாள அட்டை வேண்டியிருக்கவில்லை. கனடா வேண்டியிருக்கவில்லை. கிளெமென்ற் என்றொருவர் முப்பது அடிக்கு அப்பால் நிற்பதே தெரியவில்லை. அவர் குழாயை உயர்த்தினார். கண்ணை வைத்தார். துலக்கம் சரி, வெளிச்சம் சரி, விரல் பொத்தானில்.

அப்போது அந்த இருபத்திரண்டு வருடம் அவருடைய வாயைத் திறந்தது.

"நிமிருங்கோ," என்றார் கிளெமென்ற், தெளிவாக, கணீரென்று. "ரெண்டு காதும் தெரியவேணும்."

மரை நிமிர்ந்தது. நேரே திரும்பிப் பார்த்தது. இரண்டு காதையும் அகல விரித்தது. சிரிக்கவில்லை. விரல் தன்பாட்டில் அழுத்திவிட்டது. அடுத்த கணம் கோவாப் பாத்தி வெறுமையாக இருந்தது.

கதவு நிலையில் நின்று பார்த்த பாயிஸ் அப்படியே விறகு அடுக்கில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ், மரைக்குமா மச்சான்! தாடைய எறக்கச் சொல்லலியா?"

கிளெமென்ற் கமராவின் எண்ணைப் பார்த்தார். பிலிமில் ஒன்று மிச்சம் இருந்தது. மரை திரும்பி வரும் என்று பதினொரு மணிவரை காத்திருந்தார்கள். வந்தது வெள்ளையம்மாவின் கோழி.

பின்னேரம் ஐந்தரைக்குக் கொழும்பு விளிம்பில் ஒருகொடவத்தை வந்தாயிற்று. கொன்டெய்னர் யார்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு சோதனைச் சாவடி. அங்கே இருந்த சார்ஜன்டுக்கு நேரம் இருந்தது போலும், தில்லைநாதனின் கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரைவரை வாசித்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்.

"மரை இரண்டு, பன்றி நாலு. எங்கே?"

"எது எங்கே ஐயா?" என்றார் தில்லைநாதன், அவரும் சிங்களத்தில்.

"மிருகம்."

"மிருகம் காட்டில் ஐயா. எங்களிடம் படம்."

"காட்டு."

"இன்னும் கழுவவில்லை ஐயா. பிலிமுக்குள் இருக்கிறது."

தொகை போட்ட மிருகப் பட்டியல், பட்டியலில் ஒரு மிருகமும் வானில் இல்லை, துவாயில் சுற்றிய ஒரு குழாய். வேட்டை இறைச்சி கடத்துகிறவர்கள் என்று சார்ஜன்ட் முடிவுகட்டினார். வானின் சீற்றைத் தூக்கிப் பார்த்ததில் கரியர் அகப்பட்டது. மூடியைத் திறந்தார். மிளகு வாசனை சாவடி முழுவதும் பரவியது. மணல்மூட்டைக்குப் பின்னால் நின்றவர்கள் இருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"மரை இறைச்சி," என்றார் சார்ஜன்ட்.

"மாடு ஐயா! என்ட பொஞ்சாதி பொரிச்ச!" பாயிஸ் பதறியதில் அரைவாசி தமிழில் வந்தது.

"நான் மலைநாட்டு வெலிமடைக்காரன். மரை எது மாடு எது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம்." ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மூவரும் அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் மெதுவாகச் சப்பினார். இன்னொரு துண்டு எடுத்தார். ஒன்றில் தீர்ப்புச் சொல்ல முடியாதாம். மூன்றாவது துண்டில், "மாடு," என்றார். நாலாவதை ஏன் எடுத்தார் என்று கேட்கும் நிலையில் அங்கே ஒருவரும் இல்லை.

இறைச்சி விடுதலையானது. கமரா ஆகவில்லை. இந்த நீளக் குழாயால் எதை எடுத்தீர்களோ யாருக்குத் தெரியும், பிலிமை வெளியே இழு என்றார். அதுதான் வழக்கம். வெளிச்சம் பட்டால் மரையும் இல்லை, சங்கமும் இல்லை. கிளெமென்ற் கமராவைப் பிள்ளையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஐயா, நான் பாஸ்போர்ட் படம் எடுக்கிறவன். இருபத்திரண்டு வருடம். இதில் ஒரே ஒரு மரை இருக்கிறது. அது போனால் எனக்கு வேறு ஒன்றுமில்லை."

குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். சார்ஜன்ட் கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "ஸ்ருடியோவா வைத்திருக்கிறாய்? என் அம்மாவிடம் என்னுடைய படம் ஒன்றுதான் இருக்கிறது. பயிற்சி முடித்த அன்று எடுத்தது. யாரோ என்னை அடிக்கப்போகிற மாதிரி நிற்கிறேன். அதைப் பார்த்துப் பார்த்து அம்மா அழுகிறாளாம்." கொஞ்சம் யோசித்தார். "எத்தனை மிச்சம்?"

"ஒன்று."

"எடு. நான் உன் பிலிமைக் காணவில்லை, நீ என்னைக் காணவில்லை. பெயர் ஒன்றும் எழுத வேண்டாம். பத்து நாளில் கொண்டுவந்து என் கையிலேயே தா."

சார்ஜன்ட் தொப்பியைச் சரிசெய்து, நெஞ்சை நிமிர்த்தி, அடிவாங்கப் போகிறவரைப்போல நின்றார். கிளெமென்ற் குழாயைக் கழற்றிச் சின்ன லென்ஸைப் பூட்டினார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். ஒரு சொல் வெளியே வரக்கூடாது என்று அந்தோனியாரை வேண்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தில்லைநாதன், தன் கடிதத்துக்கு நேர்ந்த மானக்கேட்டைத் தாங்காமல், பேனாவை எடுத்து அட்டவணையில் நீர்நாயை வெட்டி, பக்கத்தில் சிங்களத்தில் "வரவில்லை" என்று எழுதிச் சின்னக் கையெழுத்தும் போட்டு, "ஐயா, திருத்தியாயிற்று," என்று நீட்டினார். சார்ஜன்ட் தலையைத் திருப்பி அதை வாசித்தார். தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். தொப்பி நழுவியது. மேற்கு வெயில் முகத்தில் இருந்தது. உதட்டோரம் ஒரு மிளகுத்தூள்.

சொடுக்கு.

அன்றிரவே கழுவியதில் மரை வந்திருந்தது. பனிமூட்டம் பின்னால் ஒரு மடிப்பும் இல்லாத வெள்ளைத் துணியாக விழுந்திருந்தது. நேர் முகம், இரண்டு காது, கனத்த பார்வை. கனடாத் தூதரகத்துக்கு நேரே அனுப்பலாம். முப்பத்தாறாவது படத்தைத் தட்டில் மிதக்கவிட்டு அதற்குமேல் கிளெமென்ற் குனிந்தே நின்றதாகக் கொன்ஸ்ரன்ஸ் சொன்னாள். சோறு ஆறுகிறது என்று மூன்று தரம் கூப்பிட்டாளாம்.

மரையைச் சங்கத்துக்குக் கொண்டுபோனார். ஒஸ்வால்ட் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "இது எந்த நாட்டுக்குப் போகிறது?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கிளெமென்ற் படத்தை உறையில் திரும்ப வைக்கும்போது உள்ளே இருந்த மற்றப் படம் வழுக்கி மேசையில் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒஸ்வால்ட் அதை எடுத்து யன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"இதை யார் எடுத்தது?"

"நான்தான்."

"மனிதனும் பாலூட்டிதான் மிஸ்டர் கிளெமென்ற். பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். இதை வைத்துவிட்டுப் போங்கள். விண்ணப்பம் இன்றைக்கே சரி."

வாசல் திறந்துதான் இருந்தது. கிளெமென்ற் படத்தில் இருந்த சீருடையைப் பார்த்தார், சாவடியின் மணல்மூட்டையைப் பார்த்தார். சுவரில் தொங்கினால் யார் யார் பார்ப்பார்கள், கடமை நேரத்தில் இந்த ஆள் யாரோடு சிரித்தான் என்று யார் கேட்பார்கள் என்று நினைத்துப் பார்த்தார்.

"இது கஸ்டமருடைய படம்," என்றார். "அவரிடம் கேட்காமல் வைக்க ஏலாது." கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்.

பத்தாம் நாள், சொன்ன தவணைக்கு, ஒருகொடவத்தைக்குப் போனார். சாவடியில் வேறு ஆட்கள். பழைய சார்ஜன்ட் எங்கே என்றார். எந்தச் சார்ஜன்ட் என்றார்கள். சிரிக்கிற ஒருவர் என்று சொல்ல வாயெடுத்து, அது அத்தாட்சியாகாது என்று நிறுத்திக்கொண்டார். படத்தைக் காட்டினால் அந்த ஆளுக்கு வினை. வெலிமடை ஆள் என்றார். ஒருவன், "அந்தக் கொம்பனி வடக்கே போய்விட்டது," என்றான். இன்னொருவன், ஏன் தேடுகிறாய் என்று அடையாள அட்டையைக் கேட்டான்.

இருபத்திரண்டு வருடத்தில் பெயர் எழுதாமல் அவர் எடுத்த படம் அது ஒன்றுதான். வெலிமடையில் படத்தைப் பார்த்து அழுகிற அம்மாக்கள் எத்தனை பேர் என்று தபால்காரருக்கும் தெரியாது.

ஒஸ்வால்ட் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டு ஓய்ந்துபோனார். மரையின் கதையைப் பாயிஸ் கடைக்கு வந்தவருக்கெல்லாம் பூட்டோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்தார். அது எங்கெங்கே போனது என்பது முதலிலேயே சொன்னதுதான். பதிவும் பொய், பிணையும் பொய். காது மட்டும் உண்மை.

கிளெமென்ற் சாவடிகளில் இப்போது ஒரு புதுப் பழக்கம் பழகியிருக்கிறார். வரிசையில் நிற்கும்போது ஆமிக்காரர் ஒவ்வொருவருடைய முகத்தையும் உற்றுப் பார்க்கிறார். "என்ன பார்க்கிறாய்?" என்று அதட்டினால், தெரிந்த ஆள் மாதிரி இருந்தது என்கிறார். அதற்காகவே இரண்டு தரம் வரிசையை விட்டு இறக்கி வைத்திருக்கிறார்கள். படம் எப்போதும் சட்டைப் பையில். வேர்வையில் மூலை மடிந்து, நிறம் மங்கி, முதல் பிரதி போய்விட்டது. இரண்டாவதும் போய்விட்டது. சென்ற கிழமை மூன்றாவது பிரதி அடித்து, காயவைத்து, உறையில் போட்டு வைத்திருக்கிறார்.